பதினொரு ஃபிளாப்பிகளும் ஒரு பழைய மடிக்கணினியும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருக்கும் இந்தக் கறுப்பு மடிக்கணினியைத்தான் வந்தது முதல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "இது இன்னும் ஓடுதா சார்?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். ஓடுகிறது தம்பி. பென்டியம் 3 செயலி, 128 எம்பி நினைவகம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் திறனில் இதற்கு நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனாலும் வேறு எந்த இயந்திரமும் திறக்க மறுத்த ஒரு புத்தகத்தை இது திறந்து காட்டியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் 1994 முதல் டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பு வேலை பார்த்தவன். சொந்தமாகக் கடை வைத்திருந்தேன், பிறகு மூடிவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அம்மா ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, அப்பா புக்கை மறுபடியும் போடணும். எங்க கொண்டுபோனாலும் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறாங்க" என்றார். பைக்குள் பதினொரு ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் அத்தியாய எண். அவருடைய தகப்பனார் தாமிரபரணிக் கரையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பெயர்களைத் தொகுத்தவர்கள் பலர் உண்டு. இவர் வயல்களின் பெயர்களைத் தொகுத்தார். மாவடிப் பத்து, கோயில் செய், மூன்றுமடை, நரிக்குண்டு என்று எந்தப் பட்டாவிலும் இல்லாத, உழுதவர் வாயில் மட்டும் இருந்த பெயர்கள். சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை. 1999இல் சொந்தக் காசில் 500 பிரதிகள் அச்சிட்டார். அச்சுக்கோத்த கடை இன்று இல்லை. அச்சகமும் இல்லை. ஆசிரியரும் இல்லை. அந்த வயல்களில் பாதி மனைகளாகிவிட்டன. இருந்தது பதினொரு ஃபிளாப்பிதான்.

ஃபிளாப்பியைப் படிப்பது கடினமில்லை. யூஎஸ்பியில் மாட்டும் டிரைவ் இன்றும் கிடைக்கிறது. ஒன்பது வட்டுகள் ஒழுங்காகப் படித்தன. ஒன்று மூன்றாம் முயற்சியில் படித்தது. ஒன்று கடைசிவரை படிக்கவே இல்லை. ஆக, கோப்புகள் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டன. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. அவை பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். எழுத்து எழுத்தாக உருவி இன்றைய கணினியில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறிகளும் குவியலாக வந்து நிற்கும். அந்த அம்மா போன கடைகளில் "கெட்டுப்போச்சு" என்று சொன்னது இதைப் பார்த்துத்தான். கோப்பு கெடவே இல்லை. 1999இல் எழுதியபடியே, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் இருந்தது. அதைத் தமிழாகக் காட்டும் கண்ணாடி மட்டும் இன்றைய கணினியில் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே இருக்கும் இளையவர்கள் யூனிகோட் காலத்தில் பிறந்தவர்கள். 'த' என்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் 'த' என்றுதான் உங்களுக்குத் தெரியும். நாங்கள் வேலை பார்த்த காலம் அப்படி இல்லை. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்தும் குறிகளும் அடங்கிய 256 இடங்கள். அந்த இடங்களில் ஆங்கில எழுத்தின் உருவத்தை எடுத்துவிட்டுத் தமிழ் உருவத்தை வைப்போம். கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். திரையிலும் தாளிலும் தமிழ் வரும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் வெகுவாகப் பரவிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகும். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஜேகேபிஓதான் தெரியும்.

பாமினியாவது ஊரறிந்த எழுத்துரு. அதை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்துக்கும் ஒரு வரிசை, அதாவது ஒரு குறியேற்றம், இருந்தது. சில கடைகளில் எழுத்துருவைத் திறந்து, கிரந்த எழுத்தையோ பழைய லை, ணை வடிவத்தையோ தங்கள் வசதிக்கு இடம் மாற்றி வைத்துக்கொள்வார்கள். நானே செய்திருக்கிறேன். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரியவர்கள் பாடுபட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அதே காலத்தில் இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல முதலில் டிஸ்கியில் வந்தவைதாம்.

டிஸ்கியிலேயே ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. அதில் 'இ' என்ற எழுத்து 173ஆம் இடத்தில் இருக்கும். அதே 173ஆம் இடம், மற்ற மென்பொருள்களின் கணக்கில், வரி முறியும்போது மட்டும் தெரியும் மறைவான இணைப்புக்குறிக்கு உரியது. ஆகவே சில மென்பொருள்கள் அந்த இடத்தைக் கண்டதும் ஒன்றும் காட்டாமல் விட்டுவிடும். 'இன்று' என்பது 'ன்று' ஆகிவிடும். பின்னாளில் 'இ'க்கு வேறோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று. நான் சொல்வதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும்: பழைய கோப்பிலிருந்து வெட்டிப் புதிய கணினியில் ஒட்டும்போது, யாருக்கும் தெரியாமல் சில எழுத்துகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மூலக் கோப்பு அதன் சொந்த வீட்டில் எப்படி இருந்தது என்று பார்த்தே தீர வேண்டும். வேறு வழி கிடையாது.

யூனிகோட் 1991லேயே வந்துவிட்டதே, ஏன் நீங்கள் அதில் அடிக்கவில்லை என்று கேட்கலாம். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது உண்மை. ஆனால் விண்டோஸில் தமிழ் யூனிகோட் முறையாக வந்தது 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000இல்தான்; லதா எழுத்துரு அதோடுதான் வந்தது. அச்சுத் தொழிலுக்கு அதுவும் போதவில்லை. பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோட் தமிழ் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் இந்திய மொழிகள் ஒழுங்காகக் கூடிவந்தது 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்ததே 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது. ஆக, கணினியில் அச்சுக்கோக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நம் புத்தகங்கள், சிறுபத்திரிகைகள், கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் இப்படிப்பட்ட கோப்புகளாகவே பிறந்தன. ஓலைச்சுவடி பழுதானால் ஏடு தெரியும், பூச்சி அரித்த ஓட்டை தெரியும். இந்தக் கோப்புகள் பழுதாவது கண்ணுக்கே தெரியாது.

அடுத்த முட்டுக்கட்டை 'லாக்'. டிடிபி பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். அன்றைக்கு இந்திய மொழி மென்பொருள் வாங்கினால் குறுந்தகட்டோடு தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டும் தருவார்கள். அதைக் கணினியின் பின்புறம் பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட்டில் செருக வேண்டும். செருகாவிட்டால் மென்பொருள் திறக்காது. இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கம்பி கடையில் கிடைக்கிறதே என்பீர்கள். வாங்கிப் பார்த்தேன். அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும். பழைய மென்பொருளோ நேரே வன்பொருளின் முகவரியைத் தட்டிப் பூட்டு இருக்கிறதா என்று கேட்கும். அந்தக் கம்பிக்கு அந்த முகவரி தெரியாது.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். மெக்லாரன் எஃப்1 என்றொரு கார் உண்டு. 1990களில் மொத்தமே 106 வண்டிகள்தான் செய்தார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களில் ஒன்று. அதைப் பழுதுபார்க்கும் மென்பொருள் டாஸ் காலத்தது. அது பேசும் தனி அட்டை ஒன்று காம்பாக் எல்டிஇ 5280 என்ற மடிக்கணினியில்தான் வேலை செய்தது. அந்த மடிக்கணினியும் 90களின் நடுவில் வந்தது. அந்தக் கம்பெனி பழைய காம்பாக் மடிக்கணினிகளைத் தேடி வாங்கிப் பேணி வந்தது 2016இல் செய்தியாக வெளிவந்து பலரும் வியந்தார்கள். எனக்கு வியப்பு வரவில்லை. கோடிக்கணக்கில் விலை போகும் காருக்குப் பழைய மடிக்கணினி ஒன்றைக் காப்பாற்றி வைப்பது அவர்களுக்கு முறையாகப் பட்டது. ஒரு வட்டாரத்து வயல்பெயர்கள் முழுவதையும் தாங்கிய புத்தகத்துக்கு அதைச் செய்ய நமக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்தப் புத்தகத்தைத் திறக்க நான் முதலில் தவறான வழியில்தான் போனேன். கையில் இருந்தது 2005 வாக்கில் வந்த ஒரு மடிக்கணினி. ஒரு ஜிபி நினைவகம். பேரலல் துளையும் இருந்தது. என் கடையின் பழைய மென்பொருள் ஓடும் விண்டோஸ் 98ஐ இதிலேயே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதைச் செய்தவர்கள் தயாரித்தபோதே விண்டோஸ் எக்ஸ்பியை மனத்தில் வைத்துத்தான் தயாரித்திருந்தார்கள். ஒவ்வொரு மடிக்கணினிக்கும் ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. கூரை எல்லாருக்கும் தெரியும்: புதிய இயங்குதளம் பழைய கணினியில் ஏறாது. விண்டோஸ் 11 வந்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலி பழையது என்று தள்ளியது நமக்குத் தெரியும். தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பழைய இயங்குதளமும் அந்தக் கணினியில் நிற்காது.

98 ஏறும்போதே "போதிய நினைவகம் இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. இருப்பதோ ஒரு ஜிபி. நினைவகம் அதிகமாக இருந்ததுதான் அங்கே சிக்கல். விண்டோஸ் 98, கோப்புகளை வேகமாகப் படிக்க நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும். நினைவகம் கூடக்கூட அந்த ஒதுக்கீடும் கூடி, 512 எம்பிக்கு மேல் போனால் முகவரி இடம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்; மிச்சப் பணிகளுக்கு இடம் இருக்காது. சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் அந்த ஒதுக்கீட்டுக்கு ஓர் உச்சவரம்பு எழுதலாம். நான் இரண்டு நினைவகத் துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டேன், சரியாயிற்று. விண்டோஸ் 95இல் இதைவிட விசித்திரமான ஒன்று நடந்திருக்கிறது. செயலியின் வேகத்தை அளக்க ஒரு சுற்றை ஓடவிட்டு, எடுத்த நேரத்தால் வகுக்கும். செயலி வேகமாக இருந்தால் எடுத்த நேரம் சுழி ஆகிவிடும்; சுழியால் வகுக்க முடியாமல் கணினி நின்றுவிடும். 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 செயலியிலேயே இது தலைகாட்டியது. இன்னொரு பகுதியில் இதே பிழை 2.1 கிகாஹெர்ட்ஸ் தாண்டிய செயலிகளில் வந்தது.

சரி, நினைவகச் சிக்கல் தீர்ந்தது. 98 ஏறிவிட்டது. திரையில் 16 நிறம். 640க்கு 480 அளவு. அந்த மடிக்கணினியின் திரைச் சில்லுக்கு 98க்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் நிரலை, யாரும் எழுதவில்லை. ஒலி இல்லை. யூஎஸ்பியில் பென் டிரைவ் செருகினால் தெரியவில்லை. 98இல் பென் டிரைவுக்கான பொது டிரைவரே கிடையாது. உலகெங்கும் இருக்கும் ஆர்வலர்கள் திரைக்கும் பென் டிரைவுக்கும் தாங்களாகவே பொது டிரைவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். எந்தச் சம்பளமும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்களை நான் மனமார வணங்குகிறேன். அவர்கள் தந்ததைப் போட்டபின் திரை வந்தது, பென் டிரைவ் வந்தது. லாக் மட்டும் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. இரண்டு வாரம் போராடிவிட்டு விட்டுவிட்டேன். அந்த இரண்டு வாரத்தில் கற்றது ஒன்று: இயங்குதளம் எந்த ஆண்டோ, அதற்கு ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாக வந்த கணினியைத் தேடு. விண்டோஸ் 98க்கு 1998 முதல் 2001 வரை வந்த மடிக்கணினி.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது, ஆகுமா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இந்த வேலைக்கு ஆகாது. அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் போட்டுத் தட்டச்சுக்கும் படிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான மடிக்கணினி சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. நீங்கள் இப்போது பார்ப்பது அதைத்தான். கடைக்காரர் இதை எடைக்குப் போட வைத்திருந்தார். வாங்கி வந்ததும் நான் மின்சாரம் கொடுக்கவில்லை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பரணில் பழைய கணினி இருப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, எடுத்ததும் சுவிட்சைப் போடுவது. முதலில் பெரிய பேட்டரியைக் கழற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி பழசானால் வீங்கும். வீங்கியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, அடாப்டரிலேயே ஓட்டலாம். அடுத்தது உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி. தேதியையும் பயாஸ் அமைப்பையும் அதுதான் காக்கிறது. பல கணினிகளில் அது வட்டமான 3 வோல்ட் லித்தியம் வில்லை. நாற்பது ஐம்பது ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். சில பழைய மடிக்கணினிகளில் அது நிக்கல் வகை. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கசிந்து சர்க்யூட் பலகையையே அரித்துவிடும். திறந்து பார்த்துப் பச்சை படிந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க் அதைவிட முக்கியம். இருபது ஆண்டு ஓடிய சுழல் வட்டு எந்த நிமிடமும் நிற்கலாம். அதைக் கழற்றி, வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, முழு வட்டையும் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை நகல் எடுத்துவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் நகல். பிறகு அந்த இடத்தில் நான் சுழல் வட்டே வைக்கவில்லை. பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை வைத்தேன். அந்த அட்டைக்கும் பழைய ஐடிஇ வட்டுக்கும் மின்மொழி ஒன்றே; நடுவில் சில நூறு ரூபாய் பெறும் ஓர் இணைப்புப் பலகை போதும். 8 ஜிபி அட்டை தாராளம். 98க்கு அதுவே கடல். பெரிதாக வாங்கினால் அந்தக் கால பயாஸ் திணறும். இப்போது இந்தக் கணினியில் சுழல்வது விசிறி ஒன்றுதான். அதையும் சுத்தம் செய்து, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றியிருக்கிறேன்.

கோப்பை உள்ளே கொண்டுபோகவும் வெளியே எடுக்கவும் பக்கவாட்டில் இருக்கும் பிசிஎம்சிஐஏ துளை போதும். அதிலும் ஓர் அட்டை மாட்டி காம்பாக்ட் ஃபிளாஷைச் செருகினால் 98 கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். இணையத்தில் மட்டும் இதை இணைக்கவே கூடாது. விண்டோஸ் 98க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றன. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. பழைய இயங்குதளத்தை வைத்திருப்பவர் அதைத் தனித் தீவாக வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் அட்டையைப் புதிய கணினியில் வைரஸ் பார்த்த பிறகே இதில் செருகுவேன்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. கைவிட்ட மென்பொருள் என்பதால் பதிப்புரிமை போய்விடாது. இந்த மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த விண்டோஸ் உரிம எண்ணையே பயன்படுத்தினேன். பேஜ்மேக்கரும் தமிழ் மென்பொருளும் என் கடைக்குக் காசு கொடுத்து வாங்கியவை. ஆகவே பழைய குறுந்தகடுகளையும் உரிமத் தாள்களையும் எறியாதீர்கள். லாக்கை எறியவே எறியாதீர்கள். எனக்கு அது கிடைத்தது என்னிடம் முன்பு வேலை பார்த்த தம்பி வீட்டில், பழைய பிஸ்கட் டின்னுக்குள்.

எமுலேட்டர் இருக்கிறதே, ஒரு பழைய கணினியையே புதிய கணினிக்குள் மென்பொருளாக ஓட்டலாமே என்று விவரம் தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நெடுங்காலத்துக்கு அதுதான் வழி. இரும்பும் பிளாஸ்டிக்கும் என்றைக்காவது சாகும். வட்டின் நகலை எமுலேட்டரில் ஓட்டி வைத்தால் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் திறக்கலாம். என் வட்டு நகலை நானும் அப்படி வைத்திருக்கிறேன். ஆனால் லாக் கேட்கும் மென்பொருள் அங்கே பெரும்பாலும் திறக்காது. பழைய இயந்திரத்தில் ஒருமுறை கோப்பைத் திறந்து, சரியான பக்கம் இதுதான் என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் எமுலேட்டரில் வருவது சரியா தவறா என்று தெரியும்.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். முதல் கோப்பைத் திறந்ததும் பேஜ்மேக்கர் ஒரு பட்டியலைக் காட்டியது: இந்த இந்த எழுத்துருக்கள் இல்லை, பதிலுக்கு இவற்றை வைக்கட்டுமா என்று. இன்றைக்கு யாரும் மதிக்காத அந்தச் சின்ன அறிவிப்புதான் எனக்குப் புதையல். இல்லாத எழுத்துருக்களின் பெயர்கள் அதில் இருந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எந்த மென்பொருளின் எழுத்துரு என்று. என் கடையிலும் அதுதான். லாக்கைச் செருகி, எழுத்துருக்களை ஏற்றி மீண்டும் திறந்தேன். 'மூன்றுமடை' என்ற தலைப்பு அப்படியே வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. திரையில் ஒரு வரியைத் தொட்டு, "இந்த வயலுக்கு அப்பாகூட நான்தான் போனேன்" என்றார்.

பிறகு செய்தது எளிய வேலை. ஆனால் நீண்ட வேலை. ஒவ்வொரு பக்கத்தையும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டாக அச்சிட்டுப் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் அந்தப் பக்கம் எந்தக் கணினியிலும் 1999இல் இருந்தபடியே தெரியும். ஆனால் அதில் தேட முடியாது. தேட யூனிகோட் வேண்டும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0033 முதல் 0255 வரை ஒவ்வோர் எண்ணாக அடித்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை தயாரித்தோம். அந்த அட்டவணையைக் கொண்டு என் மகன் ஒரு சிறு நிரல் எழுதினான். மாற்றிய பக்கத்தையும் மடிக்கணினித் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அம்மாவும் நானும் வரிக்கு வரி ஒப்புநோக்கினோம். கொம்பு முன்னால் வருவது, துணைக்கால் பிரிவது என்று பிழைகள் இருந்தன, திருத்தினோம். படிக்காத பதினோராவது ஃபிளாப்பியின் அத்தியாயத்தை ஒரு நூலகத்தில் கிடைத்த அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். இப்போது புத்தகம் முழுமையாக இருக்கிறது. அந்த அட்டவணையை யார் கேட்டாலும் தருகிறேன். அதே மென்பொருளில் செய்த வேறு ஆயிரம் புத்தகங்களுக்கும் அது பொருந்தும்.

நூலகர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் இப்படி ஒரு மடிக்கணினி இருக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. இதற்கு நான் செய்த மொத்தச் செலவு ஒரு நடுத்தரக் கைபேசியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஒருவர் பழக வேண்டும், ஓர் அலமாரி வேண்டும், மாதம் ஒருமுறை போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூடிய டிடிபி கடைக்காரர்களைத் தேடிப் போய் அவர்களிடம் இருக்கும் லாக், குறுந்தகடு, எழுத்துரு, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். என் தலைமுறைக்காரர்கள் இன்னும் இருக்கிறோம். எந்தக் கடை எந்த எழுத்துருவை வைத்திருந்தது, எந்த எழுத்தை எங்கே இடம் மாற்றியது என்பது எங்கள் நினைவில் மட்டும் இருக்கிறது, எங்கும் எழுதிவைக்கவில்லை. எங்களை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வந்திருக்கும் எல்லாரிடமும் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் பீரோவில், தெருவில் மூடிக்கிடக்கும் அச்சகத்தில் ஃபிளாப்பி இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். இந்த மடிக்கணினி இன்று மாலை ஏழு மணி வரை இங்கேதான் இருக்கும். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் கொண்டுவருவேன். உங்கள் ஃபிளாப்பிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள்; சேர்ந்து திறந்து பார்ப்போம்.